நாலாயிரம் முகங்களுக்குச் சொந்தக்காரர்

ஆவுடையப்பன் தம் ஸ்டுடியோவின் படியை விட்டுக் கடைசியாக இறங்கியது பதினோரு மாதங்களுக்கு முன்பு. அதுவும் ஒரு நிமிஷம் பத்து விநாடிதான். எதிர்க்கடையில் பருப்பு வடை போடும் வாசனை வந்தது. போனார், ஒரு வடையைத் தாளில் வைத்து வாங்கினார், திரும்பிவிட்டார். அந்த ஒரு நிமிஷம் பத்து விநாடியில் கோவில்பட்டியில் பதினாலு பேர் ரயிலைத் தவறவிட்டார்கள். மருந்துக்கடைக்குப் போன ஒருவர் உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில் நின்றார். ஒரு மாப்பிள்ளை தன் கல்யாண மண்டபத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. முகூர்த்தம் தப்பக் கூடாதென்று உள்ளே இருந்த தம்பிக்கு மாலையைப் போட்டுவிட்டார்கள். தம்பி நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்துகிறார். இருந்தாலும் மறுநாளே ஊர்க்கமிட்டி கூடி ஸ்டுடியோ வாசலில் இரும்புக் கேட் போட்டு, பூட்டை வெளிப்பக்கமாக மாட்டியது. பாதுகாப்புக்கு என்று சொன்னார்கள்.

ஆவுடையப்பன் கொலை, கொள்ளை எதுவும் செய்தவர் இல்லை. அறுபத்தெட்டு வயது வரைக்கும் அவர் செய்ததெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

அவர் நாற்காலிக்கு முன்னால் மேஜையில் ஒரு பெட்டி இருந்தது. அவரிடம் எப்போதோ படம் எடுத்துக்கொண்ட ஒருவர், உலகத்தில் எந்த மூலையிலாவது முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஒரு முகவாசலுக்கு முன்னால் போய் நின்றால் இங்கே மணி அடிக்கும். பெட்டியின் திரையில் பெயரும் முகமும் வரும். நாற்பது விநாடிக்குள் அவர் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அங்கே கதவு இனிமையான பெண்குரலில், “உரிமையாளர் அனுமதிக்கவில்லை, நன்றி” என்று சொல்லிவிடும். அப்படி மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரைக்கும் மணி. பத்துக்கு மேல் யாருக்கும் பிரசவ வலி எடுக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பெரும்பாலும் அது கடைப்பிடிக்கப்பட்டது.

ஒரு தடவை அவருக்கு விக்கல் வந்து, ஒரே பெயருக்கு விரல் ஆறு முறை பட்டுவிட்டது. ஆறு முறை உள்ளே போனதாகப் பதிவான அந்த ஆள் வெளியே வந்தது ஒரு முறைதான். மீதி ஐந்து பேரை ரயில்வே போலீஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் ஒரு கூந்தல் தைலத்தில் ஆரம்பித்தது. தபால்காரர் மனைவிக்குத் தான் எடுத்த படம் ஒரு தைலப் பொட்டலத்தின் மேல் அச்சாகியிருப்பதை ஆவுடையப்பன் ஒருநாள் பெட்டிக்கடையில் பார்த்தார். கேட்கவில்லை, சொல்லவில்லை, கீழே பெயர்கூடப் போடவில்லை. அந்த அம்மாளுக்கு நிஜத்தில் அவ்வளவு முடி கிடையாது. அத்தனையையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்து சேர்த்தவர் அவர். தன் தலைமுடியையே யாரோ வெட்டிக்கொண்டு போனமாதிரி இருந்தது அவருக்கு. நேரே போய்ப் புகைப்படக்காரர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

சங்கம் மூன்று கோரிக்கை வைத்தது. பொத்தானை அழுத்தியவனுக்கே படம் சொந்தம். அதை எந்தக் கம்பெனியும் எழுதி வாங்க முடியாதபடி, அவனே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாதபடி சட்டம் வேண்டும். இரண்டாவது, அனுமதியை ஏஜெண்டோ இயந்திரமோ கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அவனே, அவன் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து, தன் கைப்படக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, அவனுக்குப் பிறகு அறுபது வருஷம் அவன் வாரிசுக்கு. சென்னையில் ஆவுடையப்பன் அட்டை பிடித்து இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்தார், நடுவில் ஒரே ஒரு இளநீரோடு. அரசாங்கம் மூன்றையும் ஒரு எழுத்து மாற்றாமல் கொடுத்துவிட்டது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

சட்டம் வந்த வாரமே ஆவுடையப்பன் தன் படங்கள் எல்லாவற்றையும் உருவப் பதிவகத்தில் ஏற்றினார். சுவரில் சான்றிதழை மாட்டினார். அடுத்த வருஷம் ஊர் ஊராக முகவாசல்கள் வந்தன. டிக்கெட் வேண்டாம், அட்டை வேண்டாம், முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். கதவு என்ன செய்யும்? முகத்தை நேராக, கண் திறந்தபடி, பின்னால் வெறும் வெள்ளையாக வைத்து ஒரு படம் எடுக்கும். அது பாஸ்போர்ட் சைஸ். பதிவகத்தின் இயந்திரம் அதைப் பார்த்து, இது ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமான படத்தின் நகல் என்று கண்டுபிடித்தது. கோவில்பட்டியில் மணி அடிக்கத் தொடங்கியது.

முதல் வாரம் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கலெக்டர் ஆபீஸுக்குள் போகிறவர்கள்கூடத் தன் விரலைக் கேட்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது வாரம் குளிக்க நேரமில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து கமிட்டி ஒரு நாவிதரையும், வேளைக்குச் சாப்பாட்டையும் அனுப்பத் தொடங்கியது. சாப்பாடு இடதுகைப் பக்கம் கரண்டியோடு வைக்கப்பட்டது. வலதுகையைச் சாம்பாரில் நனைக்க ஊர் சம்மதிக்கவில்லை.

பத்தாவது மாதத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் கேட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை வந்தால் தாங்காது, இப்படி உட்கார்ந்தே இருந்தால் அந்த இன்னொரு தடவைக்கு ரொம்ப நாள் ஆகாது என்று சொன்னார்.

அவருக்கு ஒரே வாரிசு, மகள் செண்பகவல்லி. சரக்குக் கப்பலில் இன்ஜினியர். லீவில் வந்தவள் இருபது நாளில் மும்பையில் கப்பல் ஏற வேண்டும். டாக்டர் வந்துபோன அன்று சாயங்காலமே கமிட்டித் தலைவர் வேலாயுதபெருமாள் ஒரு தச்சரோடு வந்தார். கடலைமிட்டாய்க் கம்பெனி முதலாளி அவர். ஒரு டப்பா மிட்டாயும் கொண்டு வந்தார். தச்சர் செண்பகவல்லியை உட்காரச் சொல்லி முழங்கால் வரைக்கும் டேப் வைத்து அளந்தார். அப்பா நாற்காலி அவள் உயரத்துக்குப் பத்தாது, முதுகு வலிக்கும் என்று வேலாயுதபெருமாள் அக்கறையாகச் சொன்னார். அறுபது வருஷ விஷயம் அல்லவா. போகும்போது கேட்டைப் பூட்டிக்கொண்டு போனார். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

“நீங்க எப்பம் சாவீக, நான் எப்பம் உக்காருவேன்னு தேதி கேக்குறாங்கப்பா.”

“நீ என்ன சொன்ன?”

“கப்பல் கிளம்பினப்புறம்னு சொன்னேன்.”

ஆவுடையப்பன் சிரிக்கப் போனார். மணி அடித்தது.

அதற்கு மூன்றாம் நாள் பேச்சித்தாய் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போக வேண்டுமாம், புதுசாக ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டுக் கம்பிக்கு வெளியே நின்றாள். பழைய படம் இருக்குமே என்று பெட்டியில் தேடியபோதுதான் ஆவுடையப்பன் அதைக் கவனித்தார். நாலாயிரத்துச் சொச்சம் பேரும் எத்தனை முறை மணி அடித்தார்கள் என்று பெட்டியில் இருந்தது. பேச்சித்தாய் பெயருக்கு நேரே ஒரு முறைகூட இல்லை.

ரேஷன் கடைக்கு, ரயிலுக்கு எல்லாம் போவதில்லையா என்று கேட்டார். வாரம் தவறாமல் போவதாகவும், எந்தக் கதவும் தன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றும் அவள் சொன்னாள். ஆவுடையப்பன் அவள் படத்தைத் திரையில் போட்டார். பிறகு கம்பிக்கு வெளியே இருந்த அவளைப் பார்த்தார். இடது கன்னம் முழுக்கத் தீக்காயத் தழும்பு. ஆபீஸில் மருந்து பற்றியபோது பட்டது. படத்தில் அது இல்லை. இரண்டு கன்னமும் வெண்ணெய் மாதிரி இருந்தன.

“அந்தப் படத்தைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரே, இது யாரு, உன் சித்தி மகளான்னு கேட்டாருங்க அண்ணாச்சி,” என்றாள் பேச்சித்தாய். “நான் ஆமான்னு சொல்லிட்டேன்.”

இவளுக்கு மட்டும் ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்டு ஆவுடையப்பன் அன்றே பதிவகத்துக்கு எழுதினார். எட்டாம் நாள் தமயந்தி என்ற அதிகாரி வந்தார். பேசும்போது பேனாவை மூடி மூடித் திறக்கிற பழக்கம் உள்ளவர். கமிட்டியிடம் சாவி வாங்கி உள்ளே வந்து, படங்களை ஏற்றியபோது ஆவுடையப்பன் கொடுத்த விண்ணப்பத்தை மேஜையில் வைத்தார்.

“ஒம்பதாவது கேள்வியைப் படிங்க சார்.”

‘இப்படம் ஆளை உள்ளபடி காட்டுகிறதா?’ என்று இருந்தது. ஆவுடையப்பன் ‘ஆம்’ என்பதில் டிக் அடித்திருந்தார்.

“இதுல இல்லைன்னு போட்டிருந்தா அது கற்பனைப் படம். படம் மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம், முகம் இல்ல. ஆமான்னு போட்டதால முகமும் சேர்ந்து உங்ககிட்ட வந்துடுச்சு. பேச்சித்தாய் விஷயத்துல நீங்க ஆமான்னு சொன்னாலும் எங்க மெஷினுக்கே அடையாளம் தெரியல, விட்டுருச்சு. மத்தவங்களை எப்படியோ இழுத்துப் பிடிச்சுக் கண்டுபிடிச்சுருது.”

“எல்லாத்துக்குமா ஆமான்னு போட்டிருக்கேன்?”

“எல்லாத்துக்கும். தமிழ்நாட்டுல எல்லா ஸ்டுடியோக்காரங்களும் அப்படித்தான். எடுத்த படம் ஆள் மாதிரி இல்லைன்னு எந்த போட்டோகிராபர் சார் எழுதிக் குடுப்பாரு?”

திருத்த வழி இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முதலில் எடுத்ததையும் டச்சப் செய்து கொடுத்ததையும் அருகருகே வைத்து, என்னென்ன மாற்றினார் என்பதை அந்த ஆளுக்கு முன்னாலேயே ஆவுடையப்பன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் படம் என்னைப் போல இல்லை என்று அந்த ஆளும் கையெழுத்துப் போட வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் மாறியிருந்தால் கற்பனை. முகம் அவரவருக்குத் திரும்பிப் போய்விடும்.

ஆவுடையப்பன் முடியாது என்று சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வருஷம் தொழில் செய்தவன், ஒரு படம்கூட ஆள் மாதிரி இல்லை என்று தெருவே கேட்கச் சொல்ல மாட்டேன், அதற்கு இந்த நாற்காலியே மேல் என்றார். தமயந்தி பேனாவை மூடினார்.

செண்பகவல்லி எழுந்து போய்த் தச்சர் கொண்டுவந்து இறக்கியிருந்த புது நாற்காலியை இழுத்து அப்பா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். உயரம் சரியாக இருந்தது. மணி அடித்தபோது, அடுத்ததை எப்படி அழுத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவள் மாதிரி அவர் விரலையே பார்த்தாள். ஏழு மணிகள் அப்படிப் போயின. எட்டாவதற்கு முன்னால் அவர் தமயந்தியிடம், எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார்.

நாலு நாள் ஆயிற்று. வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. வெளியூரில் இருந்தவர்களும் கிடைத்த வண்டியில் வந்து சேர்ந்தார்கள். ஊரே வரிசையில் நின்றதால் மணி அவ்வளவாக அடிக்கவில்லை. ஆவுடையப்பன் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். காதை உள்ளே தள்ளினேன். முன்பல்லைக் குட்டையாக்கினேன். இவருக்குக் கழுத்தே கிடையாது, இரண்டு அங்குலம் சேர்த்தேன். பெரிய வியப்பு மூக்கில் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்திருந்த ஒரு தாசில்தாருக்கு அருமையான மூக்கு. அதை ஆவுடையப்பன் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு ஊரில் அறுநூற்றுப் பதினேழு பேருக்குப் பொருத்தியிருந்தார். வரிசையில் நின்றவர்கள் முன்னும் பின்னும் திரும்பி ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிற ஒருவர், பெண்பார்க்க வந்த படத்தில் மாறுகண் திருத்தப்பட்டிருந்தது என்று கேள்விப்பட்டு, மனைவியின் முகத்தை அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “பாத்தாச்சுல்ல, நடங்க” என்று சொல்லி முன்னால் போனாள்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு விதவை வந்தாள். தன் படத்துக்குக் கையெழுத்துப் போட்டபின் நகராமல் நின்றாள். வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் தன் கணவர் படமும் இங்கே எடுத்ததுதான் என்றாள்.

“அவருக்கும் அந்த மூக்குத்தானாங்க?”

ஆவுடையப்பன் பெட்டியைப் பார்க்காமலேயே சொன்னார். “இல்லம்மா. அவருக்குச் சொந்த மூக்கு.”

தமயந்திக்கு எதிரே திரையில் அந்தப் படம் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இறந்தவர்கள் இந்த விசாரணையில் வரமாட்டார்கள் என்று சொல்லித் திரையை அணைத்தார்.

வேலாயுதபெருமாள் கடைசி நாள் வரைக்கும் வரவில்லை. அவர் முகம் அவருடைய எல்லா மிட்டாய் டப்பாவிலும் இருந்தது. இருபத்தைந்து வயது மீசையோடு, தாசில்தார் மூக்கோடு. அது நான் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் வியாபாரம் என்னாகும் என்று ஆளனுப்பிக் கேட்டார். ஆவுடையப்பனும் அதே ஆளிடம் பதில் சொல்லி அனுப்பினார். தலைவர் வர வேண்டாம். நாளையிலிருந்து மணி அடித்தால் அது தலைவருடைய மணியாக மட்டும்தான் இருக்கும். எனக்கு வடை சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. இனிமேல் நின்று நிதானமாகச் சாப்பிடலாம் என்றிருக்கிறேன்.

பத்தாவது நிமிஷம் வேலாயுதபெருமாள் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது ஆவுடையப்பன் மாற்றியவற்றைச் சொல்லி முடிக்கவே பதினொரு நிமிஷம் பிடித்தது. அவசரம் காட்டவில்லை.

சாயங்காலத்துக்குள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு முகங்கள் திரும்பிப் போய்விட்டன. கேட்டிலிருந்து பூட்டைக் கழற்றினார்கள். மீதி இருந்தது ஒரே படம். செண்பகவல்லி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, தமயந்தி காட்டிய இடத்தில் குனிந்தாள்.

“ஒரு நிமிஷம்,” என்றார் தமயந்தி. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். மறுபடி வைத்தார். “சார், இதுல என்ன மாத்துனீங்க?”

ஆவுடையப்பன் பெட்டிமேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

“முகத்துல ஒரு புள்ளிகூட மாறலயே. நெத்தியில அம்மைத் தழும்பு அப்படியே இருக்கு. ஒரு புருவம் மேல ஏறி இருக்கு, அதுவும் அப்படியே. சைபர்.” பேனாவை மூடினார், திறந்தார். “நான் இதைக் கற்பனைன்னு எழுத முடியாது. இவங்க முகம் உங்ககிட்டத்தான் இருக்கும்.”

எவ்வளவு காலத்துக்கு என்று செண்பகவல்லி கேட்டாள். அப்பா இருக்கிற வரைக்கும் என்றார் தமயந்தி. அதுவரை அவள் எந்தக் கதவைத் தாண்டினாலும், கப்பலின் இன்ஜின் அறைக் கதவானாலும், இவர் இந்த நாற்காலியில் இருந்து அழுத்த வேண்டும். அவருக்குப் பிறகு வாரிசுக்குப் போகும். வாரிசு நீங்கள்தானே, அன்றைக்கு உங்கள் முகம் உங்களுக்குச் சொந்தமாகிவிடும், இந்த நாற்காலியிலும் உட்கார வேண்டியிருக்காது என்று சொல்லி, ஆறுதலாகச் சொன்னோமா இல்லையா என்று தெரியாதவர் மாதிரிக் காகிதங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் மணிச்சத்தம் இல்லை.

“ஊருக்கே மூக்கு மாட்டிவிட்டீக,” என்றாள் செண்பகவல்லி. “அந்தத் தழும்புக்காக ஸ்கூல்ல எத்தனை பேரு என்னைக் கேலி பண்ணியிருக்காங்க. எனக்கு மட்டும் ஏன்ப்பா ஒண்ணும் செய்யல?”

ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தார்.

“அன்னைக்குக் கரண்டு இல்ல,” என்றார்.

செண்பகவல்லியும் படத்தைப் பார்த்தாள். அதில் அவளுடைய இரண்டு கண்ணிலும் ஸ்டுடியோ விளக்கு சின்னச் சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. அவள் கப்பலில் தன்னுடைய வேலை முறை பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஒரு தாளில் எழுதி, அந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நடக்க வேண்டும், டாக்டர் சொன்ன மாத்திரையைப் போட வேண்டும் என்று அதன் கீழே எழுதி, பெட்டிமேல் ஒட்டினாள். மூன்றாம் நாள் பெட்டி படுக்கையோடு ஆட்டோவில் ஏறினாள். அவரால் ரயிலடி வரைக்கும் போக முடியவில்லை. அவர் இங்கே இருந்தால்தான் அவள் அங்கே உள்ளே போக முடியும்.

கால் மணி நேரத்தில் மணி அடித்தது. பெட்டியில் அவள் பெயர் வந்தது.

விரலைக் கொண்டுபோன ஆவுடையப்பன் அதைத் தொடாமல் வைத்துக்கொண்டார். நாற்பது விநாடி. பேசாமல் இருந்தால் போதும், அந்தப் பெண்குரல் நன்றி சொல்லிவிடும். ரயில் போய்விடும். அவள் அதே ஆட்டோவில் திரும்பி வருவாள், வாசலிலிருந்தே திட்டிக்கொண்டு வருவாள், ராத்திரி இங்கேதான் சாப்பிடுவாள். கப்பலுக்கு வேறு ஆள் கிடைக்காமலா போவார்கள். கேட்டால் விக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்து. இருபது. திரையில் அவள் கதவைப் பார்த்து நேராக நின்றாள், ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது. முப்பது. அவள் கதவைத் தட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, நேராகவே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து.

முப்பத்தெட்டாவது விநாடியில் அழுத்தினார்.

பெட்டியில் அது தாமதம் என்று பதிவாகவில்லை. நாற்பதுக்குள் அழுத்தினால் சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.